மகளிரியல்: நம் வீட்டுப் பெண்கள் படிக்கத் தக்க துறைதானா?



தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நம் வீடுகளில் நடக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றன. பி.காம். நல்லது, பி.சி.ஏ. படித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், பி.எட். முடித்தால் பக்கத்துப் பள்ளியிலேயே ஆசிரியையாகிவிடலாம். இளங்கலை முடித்த பெண் ஒருத்தி முதுகலையில் மகளிரியல் படிக்கப் போவதாகச் சொன்னால் மட்டும் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. அத்தாவுக்கு அது என்ன படிப்பு என்றே தெரிவதில்லை. தெரிந்த உறவினர் யாராவது இருந்தால் நிலைமை இன்னும் கடினம். பெண், பாலினம், பாலியல் என்று அந்தப் பாடத்திட்டத்தில் வரும் மூன்று சொற்களில் மூன்றாவதைக் கேட்டவுடன் வீடு கதவைச் சாத்திக்கொள்கிறது.

அந்த அச்சத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் ஒரு துறையை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னால் அது எங்கிருந்து வந்தது, நம் ஊருக்கும் நம் சமுதாயத்துக்கும் அதனோடு என்ன தொடர்பு என்று பார்ப்பதுதான் முறை. பார்க்கத் தொடங்கினால், அது நாம் நினைத்த அளவுக்கு அந்நியமானது அல்ல என்பது தெரியவருகிறது.

திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் அல்-முஜாதலா. கணவர் கூறிய ஒரு சொல்லால் மனைவியாகவும் இன்றி, விடுதலை பெற்றவளாகவும் இன்றி நடுவில் நிறுத்தப்பட்ட கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடியதையொட்டி அருளப்பட்டது. அறியாமைக் காலத்து ஒரு வழக்கம் பெண்ணுக்கு இழைத்த அநீதியை ஒரு பெண்ணே எடுத்துரைத்தார், அதற்குரிய தீர்வை அல்லாஹ் இறக்கியருளினான். தமக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு பெண்கள் நபியவர்களிடம் கேட்டுப் பெற்றதும், அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கற்பதில் வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததும் நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டுப் பழகிய செய்திகளே. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ, ஸஹாபாக்கள் கூறிய செய்திகளில் ஆயிஷா (ரலி) அவர்கள் செய்த திருத்தங்களை மட்டும் திரட்டித் தனி நூலாகவே எழுதினார். பெண்ணைப் பற்றி ஆண் சொன்னதை ஒரு பெண் அறிவோடு சோதித்துப் பார்த்த இடங்களும் அவற்றுள் உண்டு. அதை ஓர் இமாம் அறிவுச் செல்வமாகக் கருதிப் பாதுகாத்தார் என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த கரீமா அல்-மர்வஸிய்யாவிடம் கதீப் அல்-பக்தாதி போன்றோர் பாடம் கேட்டனர். இத்தகைய பெண் ஹதீஸ் அறிஞர்களின் வரலாற்றை நம் நாட்டின் ஜோன்பூரில் பிறந்த முஹம்மத் அக்ரம் நத்வீ தொகுத்து, 2021இல் 43 தொகுதிகளாக வெளியிட்டார். ஏறத்தாழ 10,000 பெண்களைப் பற்றிய குறிப்புகள் அதில் அடங்கும். மகளிரியல் துறையினர் மறைந்துபோன பெண்களை மீட்டெடுத்தல் என்று சொல்வது இந்தப் பணியைத்தான்.

தமிழகக் கரையோரத்திலும் இதன் சுவடு உண்டு. தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஆகியோர் ஞானப் பாடல்கள் இயற்றிய பெண்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அரபுத் தமிழில் எழுதிய மகானி என்னும் சட்ட நூல் வீடுகளில் பெண்கள் ஓதிப் படித்தது. தமிழ் எழுத்து அறியாத மூதாட்டிகள்கூட அரபுத் தமிழ் வாசித்தார்கள். அரசுக் கணக்கெடுப்பில் அவர்கள் எழுத்தறிவற்றவர்களாகவே பதிவாகியிருக்கக் கூடும் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

சென்னைக்கு வருவோம். 1872 முதல் 1875 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் ஹோபர்ட் பிரபு. முன்பு இஸ்தான்புல்லில் உஸ்மானிய வங்கியில் பொறுப்பு வகித்தவர். முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கிக் கிடப்பதைக் கண்டு அவர்களுக்கெனப் பள்ளிகள் திறக்க முனைந்தார். சென்னைக்கு ஒரு முறையான துறைமுகம் வேண்டும் என்பதிலும் ஆர்வம் காட்டினார். அவர் 1875இல் இங்கேயே இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் துறைமுகத்துக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். ஹோபர்ட் சீமாட்டியின் கொடையால் இராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களுக்கான பள்ளி வளர்ந்தது. இன்றும் அது ஹோபர்ட் பெயரையே தாங்கி நிற்கிறது. வடசென்னையின் பிழைப்பை மாற்றிய துறைமுகமும் சென்னை முஸ்லிம் பெண்களின் முதல் பள்ளிகளுள் ஒன்றும் ஒரே குடும்பத்தின் கவனத்தில் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. துறைமுகத்தின் வரலாறு எத்தனையோ முறை எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பள்ளியில் படித்த சிறுமிகளின் வரலாற்றை எழுதுவார் இல்லை.

அதே 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லிப். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்துப் பிரசவத்தில் உயிரிழந்த பெண்களின் நிலை அவரை உலுக்கியிருந்தது. அவருடைய முயற்சியில் 1885இல் உருவான மருத்துவமனையின் பெயரிலேயே கோஷாப் பெண்கள் என்ற சொல் இருந்தது. பின்னர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறினாலும் திருவல்லிக்கேணியில் ஆட்டோ ஓட்டுநரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் எளிதில் விளங்கும். ராயபுரத்தில் 1880இல் எழுந்த ராமசாமி முதலியார் பிரசவ மருத்துவமனையில் பிறந்தவர்கள் இதை வாசிப்போரில் பலர் இருப்பர். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பர்தா பேணிய பெண்களின் தேவையே இந்நகரில் பெண்களுக்கு மருத்துவக் கல்வியின் கதவு திறக்க ஒரு காரணமாயிற்று. பர்தாவையும் கல்வியையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவோர் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம்.

1905இல் நடந்தது இன்னும் வியப்பானது. வங்கத்து முஸ்லிம் பெண்மணி ரொகேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு என்னும் கதை, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய இந்தியப் பெண்கள் இதழில் முதன்முதலாக வெளிவந்தது. அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், நாட்டைப் பெண்கள் ஆள்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் சூரிய வெப்பத்தைச் சேமிக்கவும் வானத்து நீரை இறக்கவும் வழி கண்டுபிடிக்கின்றன. ரொகேயா 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கி, வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்த்தார். உலகெங்கும் மகளிரியல் வகுப்புகளில் இன்று விரும்பி வாசிக்கப்படும் அந்தக் கதை ஒரு முஸ்லிம் பெண் எழுதியது, நம் சென்னை வெளியிட்டது. மகளிரியல் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சொல்பவர்களுக்கு இதைத் தவிர வேறு பதில் தேவையில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

தமிழில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் காதலா கடமையா என்ற நாவலை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். ஆசிரியை பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2004இல், துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை வந்தது. அவருடைய பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. அவர் எழுதியவற்றில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு, ஜமாஅத்துகளில் அவை எழுப்பிய கசப்பும் தெரிந்ததே. ஆனாலும் இந்த இரண்டு பெண்களுக்கும் இடையே சுதந்திரம் வந்தது, கல்லூரிகள் வந்தன, பேருந்துகள் வந்தன. வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் வழக்கம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பயிலாத பெண்கள் எழுதிய நூல்களைப் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைக்கின்றன. அவற்றை நம் சமுதாயத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்த வகுப்பில் அமர்ந்து படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கல்லூரிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் தேனாம்பேட்டையில் தொடங்கிய மகளிர் கல்லூரியை எஸ்.ஐ.இ.டி. என்று நாம் அனைவரும் அறிவோம். வடசென்னைப் பெண்களுக்கென 1964இல் பிராட்வே அருகே, பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில், அரசு மகளிர் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவே இன்றைய பாரதி மகளிர் கல்லூரி. மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்களில் கணிசமானோர் அந்தப் பழைய ஜெயில் ரோட்டில் நடந்து சென்று படித்தவர்கள். அண்ணா சாலையின் உம்தா பாக் வளாகத்தில் ஒரு காலத்தில் முஸ்லிம் ஆண்களுக்கான அரசுக் கல்லூரி இயங்கியது. அங்கே 1974இல் காயிதே மில்லத் பெயரால் அரசு மகளிர் கல்லூரி வந்தது.

1974 வேறொரு காரணத்தாலும் முக்கியமான ஆண்டு. இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971இல் மத்திய அரசு அமைத்த குழு, சமத்துவத்தை நோக்கி என்னும் தன் அறிக்கையை 1974 இறுதியில் அளித்தது. வீணா மஜும்தார் அதன் உறுப்பினர் செயலர். சுதந்திரத்துக்குப் பின் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்றே அரசாங்கமும் படித்தவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்கள் வேறு கதை சொல்லின. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தனர். 1971இல் அது 930ஆகச் சரிந்திருந்தது. வேலையிலும் பெண்களின் பங்கு குறைந்திருந்தது. இத்தனை காலம் பல்கலைக்கழகங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற குற்றவுணர்விலிருந்துதான் இந்தியாவில் மகளிரியல் பிறந்தது. பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் அதே 1974இல் ஆய்வு மையம் தொடங்கியது. 1982இல் இந்திய மகளிரியல் சங்கம் உருவாயிற்று. 1984இல் தமிழக அரசு அன்னை தெரசா பெயரில் மகளிர் பல்கலைக்கழகத்தைக் கொடைக்கானலில் நிறுவியது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு மகளிரியல் மையங்களுக்கு நிதி வழங்கலாயிற்று. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அது தனித் துறையாகவே நடக்கிறது. நெட் தேர்வில் மகளிரியல் தனிப் பாடம். வேலை கிடைக்குமா என்று கேட்கும் அத்தாமார்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறோம்.

இத்துறை வடசென்னையில் என்ன கேட்கும்? எடுத்துக்காட்டாக, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு வைத்திருக்கும் மீனவரின் இழப்பைக் கணக்கிடுவது எளிது, ஏனெனில் படகுக்குப் பதிவு எண் உண்டு. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணின் இழப்பை எந்தப் பதிவேட்டில் தேடுவது? அதே கேள்வியை நம் தெருக்களுக்கும் கொண்டுவரலாம். வீட்டில் அமர்ந்து தையல் வேலையும் எம்பிராய்டரி வேலையும் செய்து கொடுக்கும் தாய்மார்களைக் கணக்கெடுக்க வருபவர் கேட்டால், அவர்களே தங்களைச் சும்மாதான் இருக்கேன் என்று சொல்லிக்கொள்வார்கள். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள் என்று தெரிந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள் என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை ஓதும் நாம், இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

2020 பிப்ரவரி 14 அன்று பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான தொடர் அமர்வு தொடங்கியது. பெருந்தொற்று காரணமாக மார்ச்சில் நிறுத்தப்படும் வரை, இரவும் பகலும் அதைத் தாங்கியவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கடைவீதிக்குக்கூடத் தனியே செல்லாதவர்கள் ஒலிபெருக்கியில் பேசினார்கள். அந்த வாரங்களில் வீட்டில் சமைத்தது யார், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது யார், திரும்பிய பிறகு அப்பெண்களின் வாழ்வில் என்ன மாறிற்று என்ன மாறவில்லை என்பதையெல்லாம் அவர்களிடமே கேட்டு எழுதியிருக்க வேண்டும். செய்தித்தாள்களுக்கு அதற்கு நேரமில்லை. அது பொறுமையான ஆய்வாளரின் வேலை.

நம் பெண்களைப் பற்றிய ஆய்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில்வியா வாட்டுக் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சென்னையிலும் ஐதராபாத்திலும் பல ஆண்டுகள் பணியாற்றி, முஸ்லிம் பெண்களின் திருமணம், தலாக், குல்உ, குடும்ப நீதிமன்றம் பற்றி எழுதிய கட்டுரைகள் 2017இல் நூலாக வந்தன. நேர்மையான உழைப்பு. ஆனால் கடல் கடந்து வந்த ஒருவர் நம் பெண்களிடம் கேட்ட கேள்விகளை நம் பெண்களே கேட்டால் பதில்கள் வேறு ஆழத்தில் கிடைக்கும். தொழுகைக்குப் பின் பாயில் அமர்ந்தபடி ஒரு மூதாட்டி பேத்தியிடம் சொல்வது, குறிப்பேட்டோடு வரும் விருந்தினரிடம் சொல்வது ஆகாது.

சட்டத்தைப் பொறுத்தும் இதுவே நம் கருத்து. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் ஆங்கிலேயர் தாமாகக் கொடுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். கணவன் காணாமற்போனாலும் கைவிட்டாலும் விடுபட வழியின்றிச் சில பெண்கள் மார்க்கத்தையே துறக்கும் அளவுக்குச் சென்றபோது, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ 1930களின் தொடக்கத்தில் மாலிகீ மத்ஹபின் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அல்-ஹீலதுன் நாஜிஸா என்னும் நூலை வெளியிட்டார். அந்தச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. பெண்களின் துயரம் ஒரு கேள்வியாக எழுந்தது, ஃபிக்ஹ் அதற்கு உள்ளிருந்தே விடை தந்தது. இந்த வரலாறு தெரியாத மாணவி, மார்க்கம் அசையாத கல் என்று எழுதப்பட்ட பாடநூலை அப்படியே நம்பிவிடுவாள்.

இனி அந்த மூன்றாவது சொல். பாலியல் என்ற சொல்லே வகுப்பில் வரக் கூடாது என்றால் நம் மத்ரஸாக்களில் ஃபிக்ஹ் பாடமே நடத்த முடியாது. ஹைளு, நிஃபாஸ், குளிப்பு, நிகாஹின் உரிமைகள் அனைத்தும் அங்கே வெளிப்படையாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரித்தறிய இயலாத உடலமைப்போடு பிறக்கும் குன்ஸா எனப்படுவோரின் தொழுகை, வாரிசுரிமை பற்றி இமாம்கள் நுணுக்கமாக விவாதித்துள்ளனர். அவர்களைக் குடும்பத்திலிருந்து விரட்டச் சொல்லவில்லை, பங்கு கணக்கிடச் சொன்னார்கள். தமிழக அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்ததும், உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தவருக்குச் சட்ட அங்கீகாரம் அளித்ததும் இன்று வகுப்பில் பாடங்கள். இவற்றில் எது மார்க்கத்துக்கு உடன்பட்டது, எது உடன்படாதது என்று தீர்ப்பளிப்பது உலமாக்களின் பொறுப்பு. அவர்களும் எதைப் பற்றித் தீர்ப்பளிக்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? நம் பெண்கள் அங்கே படித்துவிட்டு வந்து அவர்களுக்கு எடுத்துச் சொல்ல முடியும்.

சில வகுப்பறைகளில் மார்க்கம் என்றாலே பெண்ணுக்கு எதிரானது என்ற முடிவோடுதான் பாடம் தொடங்குகிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பாடத்திட்டங்களில் முஸ்லிம் பெண் பெரும்பாலும் தலாக் என்ற தலைப்பின் கீழ் மட்டுமே வருகிறாள். கரீமாவும் வருவதில்லை, ஆசியா உம்மாவும் வருவதில்லை. ஆகவே மகளை அனுப்பும் பெற்றோர் அதற்கு முன்பே அவளுக்கு ஃபிக்ஹையும் சீராவையும் ஆழமாகக் கற்பிக்க ஏற்பாடு செய்வது அவசியம் என்று கருதுகிறோம். வெறுங்கையோடு அனுப்புவது அநீதி. அனுப்பாமலே இருந்தால் அந்தப் பாடத்திட்டம் இன்னும் ஐம்பது ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு அரசு உதவித்தொகை தந்துவந்தது. 2022இல் அது உயர்கல்விக்கான உதவியாக மாற்றப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இந்தப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட இடம், பழைய சிறைச்சாலை இருந்த அதே பாரதி மகளிர் கல்லூரி. திருமணச் செலவுக்கான பணம் படிப்புச் செலவுக்குப் போனது பற்றி அப்போது நம் தெருக்களிலும் முணுமுணுப்பு இருந்தது. 2007இல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டோடு சேர்த்துப் பார்த்தால், அரசுப் பள்ளியில் படித்த நம் பெண்ணுக்குக் கல்லூரிக் கதவு முன்பைவிட அகலமாகவே திறந்திருக்கிறது.

ஆய்வுக்குப் பொருள் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வடசென்னையின் பழைய பள்ளிவாசல்களில் பல தலைமுறைகளின் நிகாஹ் தஃப்தர்கள் இரும்பு அலமாரிகளில் கிடக்கின்றன. மணமகளின் வயது, அவள் கையொப்பமிட்டாளா பெருவிரல் பதித்தாளா, மஹர் எத்தனை ரூபாய், அது ரொக்கமா கடனா, மணமகனின் தொழில் துறைமுகமா மில்லா கப்பல் வேலையா என்பதெல்லாம் அவற்றில் மையால் எழுதப்பட்டுள்ளன. கைரேகை எந்த ஆண்டில் கையொப்பமாக மாறத் தொடங்கியது என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே சொல்லிவிடலாம். நாம் அறிந்தவரை, கரையான் தவிர வேறு எவரும் இன்னும் அவற்றை வரிசையாகப் புரட்டவில்லை. முத்தவல்லிகள் அனுமதித்தால், ஜமாஅத்தின் மகள் ஒருத்தியே மேசையைப் போட்டு அமர்ந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.